அக்காவுக்கு டிஸ்க் பிரேக்

பல் டாக்டருக்குத் தன் பழைய காரின் மேல் இருந்த பிரியத்தை அவர் மனைவி ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாள். அந்தக் காரை அவள் ‘அக்கா’ என்றுதான் சொல்வாள். அக்காவைக் குளிப்பாட்டியாச்சா, அக்காவுக்கு இன்னைக்கு என்ன வைத்தியம் என்று அவள் கேட்கும்போதெல்லாம், மூத்த தாரத்தைப் பின்கட்டில் ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டவர் போல டாக்டர் அசடு வழிய நிற்பார். உண்மையில் முதலில் வந்தவள் மனைவிதான். கார் வந்து சில வருடங்களே ஆகின்றன. ஆனால் அது தயாரான வருடத்தைப் பார்த்தால் இருவருக்குமே அக்கா முறைதான் வரும்.

பார்க்க லட்சணமான வண்டி. தந்தத்தின் நிறம், உருண்டையான முகம், சோபா போல அகன்ற இருக்கைகள். எல்லாம் இருந்தது, நிற்கும் பழக்கம் மட்டும் இல்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி முதலில் யோசிக்கும். பிறகு மனமில்லாமல் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்சக்கரங்களுக்கு முந்தைய சொந்தக்காரர் எப்போதோ டிஸ்க் பிரேக் போட்டிருந்தார். பின்சக்கரங்களில் இன்னும் அந்தக் காலத்து டிரம்தான். மூடிய சட்டிக்குள் இரண்டு கட்டைகள் விரிந்து உரசி நிறுத்தும் ஏற்பாடு. சட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டால் கட்டைகள் உரசுவதற்குப் பதிலாக வழுக்கும். இதையெல்லாம் டாக்டர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வயதானவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர் கொள்கை.

மனைவிக்கு வேறு கொள்கை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். இரண்டு சின்னக் கார்கள், ஊருக்கு வெளியே தார் போட்ட ஒரு மைதானம். முதல் நாள் வருகிறவர்களுக்கு நிறுத்துவதைத் தவிர வேறெதையும் சொல்லித்தர மாட்டாள். மாணவர்கள் அவளை மேடம் என்பார்கள். வீட்டில் கோபம் வந்தாலும் அவள் குரல் உயராது. ‘அடுத்த திருப்பத்துல இடது பக்கம் போகணும், சிக்னல் போடுங்க’ என்று சொல்லும் அதே நிதானத்தில்தான் சண்டையும் போடுவாள்.

ஒரு மழைநாள் காலையில் டாக்டர் கிளினிக்குக்குக் கிளம்பினார். வழியில் ஒரு சரிவு உண்டு. சரிவின் அடியில், சாலை கூடும் இடத்தில், ‘பயிற்சி வாகனம்’ என்று பலகை மாட்டிய சின்னக் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது யாருடைய கார் என்று தெரிந்ததுமே டாக்டர் பிரேக்கை மிதித்துவிட்டார். அக்கா யோசித்தாள். மறுபடி மிதித்தார். அக்கா கேட்கவில்லை. வெகுநாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதுபோல, அவசரமில்லாமல், நேராக, சின்னக் காரின் முதுகில் போய்ச் சாய்ந்தாள்.

உள்ளே மேடமும், பல மாதம் தயங்கி அன்றுதான் கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கி ஊழியரும் இருந்தார்கள். வங்கி ஊழியர் சாவியை எடுத்து மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு, இறங்கி, மழையில் நனைந்தபடியே நடந்து போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மேடம் கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்தாள்.

“முழுசா நின்னுடுச்சா?” என்று கேட்டாள். “நின்னுடுச்சுன்னா இறங்குங்க. பேசலாம்.”

அன்று மாலை அவள் சொன்னது சுருக்கம்தான். மிதித்தால் நிற்கும்வரை தான் அந்தக் காரில் ஏறப் போவதில்லை. டாக்டரும் ஏறாமல் இருந்தால் ஊருக்கு நல்லது. பிரேக் மாற்றுவதானால் பள்ளியின் கார்களைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

அப்போதே சரி என்று தலையாட்டியிருந்தால் இந்தக் கதைக்கு இத்துடன் முற்றுப்புள்ளி. ஆனால் டாக்டர் அதற்குள் கைபேசியில் மூன்று வீடியோ பார்த்திருந்தார். வீடியோவில் ஒருவர், விசிலடித்துக்கொண்டே, பழைய அச்சிலிருந்து டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக்கை மாட்டினார். அவருடைய நகத்தில்கூட அழுக்கில்லை. கடைவாய்ப் பல்லின் வேருக்குள் தலைமுடி கனத்துக்கு ஓடும் நரம்பைத் தேடிப் பிடிக்கிற கை இது, இதற்கு நட்டும் போல்ட்டும் ஒரு பொருட்டா என்று டாக்டர் நினைத்தார். நினைத்ததோடு நின்றிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மனைவியிடம் சொல்லியும் விட்டார்.

அவள் துணி காயப்போடும் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தாள்.

சாமான்கள் ஒரு பெட்டியில் வந்தன. பளபளவென்று இரண்டு இரும்புத் தட்டுகள், தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பர்கள், அவற்றை அச்சில் பொருத்தும் தாங்கிகள், குழாய்கள், பொடி எழுத்தில் ஒரு குறிப்புப் புத்தகம். டாக்டர் புத்தகத்தில் படம் மட்டும் பார்த்தார். நோயாளிகள் தன் மருந்துச் சீட்டைப் படிப்பதில்லை என்று வருடக்கணக்காகப் புலம்பியவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். நெற்றியில் கிளினிக் விளக்கு, முகத்தில் முகமூடி, கையில் ரப்பர் உறை. மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு ஆபரேஷன் என்று விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், நாற்காலி எடுத்துவரப் போனார்.

டிரம் கழன்றுவர மறுத்தது. டாக்டர் முதலில் தட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் பெரிய சுத்தியலை எடுத்தார். டிரம் வந்தது. அதன் உள்ளேயிருந்து ஒரு சுருள்கம்பி தெறித்து, பக்கத்து வீட்டுக்காரரின் காதோரம் பறந்து, வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அடுத்தது அச்சுக்குள் இருக்கும் நீளமான தண்டை உருவி எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரேக் கட்டைகளைத் தாங்கியிருந்த பழைய தகட்டைக் கழற்றிப் புதுத் தாங்கியைப் பொருத்த முடியும். இது பல் பிடுங்குகிற வேலைதான் என்று டாக்டர் குதூகலமானார். பிடியைப் போட்டார், லேசாக ஆட்டினார், இழுத்தார். அவருடைய நோயாளிகள் யாரும் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை. கடைசியில் தண்டு மொத்தமாக வந்தபோது டாக்டர் மல்லாந்து விழுந்தார். மார்பின் மேல் தண்டு, சட்டை முழுக்க நாற்றமடிக்கும் கியர் ஆயில். வேர் உடையாமல் முழுசாக வந்த பல்லைப் பார்ப்பதுபோல அதைக் கையில் ஏந்திப் பார்த்துச் சிரித்தார். மனைவி ஜன்னல் வழியாக இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரையை மூடினாள்.

தாங்கிகள் ஏறின. தண்டு திரும்ப உள்ளே போனது. தட்டுகள் உட்கார்ந்தன. காலிப்பர்களை எடுத்தபோது ஒன்றில் ‘இடது’ என்றும் மற்றதில் ‘வலது’ என்றும் குறி இருப்பதைக் கவனித்தார். இங்கேதான் சாதாரண ஆட்கள் கோட்டை விடுவார்கள் என்று அவருக்கு ஒரு சிரிப்பு. இடது என்றால் யாருடைய இடது? நம்முடையதா, எதிரில் இருப்பவருடையதா? பல் மருத்துவத்தில் முதல் வருடமே அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. நோயாளியின் வலது பல், பார்க்கிற டாக்டருக்கு இடது பக்கம் தெரியும். மாற்றிப் பிடுங்கிவிட்டால் கோர்ட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் அப்படி ஒருநாளும் மாற்றியதில்லை. ஆகவே, பின்பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், தன் இடது கைப் பக்கத்தில் ‘வலது’ என்று எழுதிய காலிப்பரையும், வலது கைப் பக்கத்தில் ‘இடது’ என்று எழுதியதையும் மிகுந்த கவனத்தோடு பொருத்தினார்.

நோயாளி டாக்டரைப் பார்த்து வாயைத் திறப்பார். கார் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த வித்தியாசம் அவருக்கு உறைக்கவில்லை. ஹேண்ட் பிரேக் கம்பி கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. அது அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இனி குழாய்களில் பிரேக் ஆயிலை நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். வீட்டில் இருந்த இன்னொருவர் மனைவி மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டார்.

ஏற மாட்டேன் என்று சொன்ன காரில் ஏறச் சொல்வது எப்படி என்று டாக்டர் தயங்கினார். அவளே வந்து உட்கார்ந்தாள். சக்கரம் இல்லாமல் முட்டுக் கட்டையின் மேல் நிற்பது காரில் சேர்த்தியில்லை என்றாள்.

“மிதி” என்றார் டாக்டர் அடியிலிருந்து.

“மிதிச்சாச்சு.”

“அப்படியே பிடிச்சுக்கோ.”

“பிடிச்சிருக்கேன்.”

“இப்ப விடு.”

“எதை விடணும்னு தெளிவா சொல்லணும். பெடலையா? இல்ல எல்லாத்தையுமா?”

ஆயில் பாட்டில் காலியானது. இன்னொன்று வாங்கிவந்து அதையும் காலி செய்தார். பெடல் எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம், நனைந்த தலையணையை மிதிப்பதுபோல இருக்கிறது என்ற பதில்தான் வந்தது. திருகைத் திறந்தால் ஆயில் அழகாக வருகிறது, காற்று மட்டும் வர மாட்டேன் என்கிறது. அடுத்த ஞாயிறும் இதே கதை. அக்காவுக்கு வாயுத் தொல்லை முற்றிவிட்டது என்று மனைவி தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்வது டாக்டரின் காதில் விழுந்தது.

கௌரவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் ஏறி உட்கார்ந்து பெடலை நாலு மிதி மிதித்தார், காதைச் சாய்த்துக் கேட்டார், மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். முன்னால் இருக்கும் அந்த உருளைதான் ஆயிலைத் தள்ளிவிடுவது. புதிது வாங்கி அவரே மாட்டினார். பெடல் மறுபடியும் தலையணை. மெக்கானிக் தலையைச் சொறிந்துவிட்டு, இந்த மாதிரிப் பழைய வண்டிகளுக்கு மனம் ஒப்ப வேண்டும் என்றார். டாக்டருக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். தன்னால் முடியாதது இன்னொருவராலும் முடியவில்லை என்றால் பாதி முடித்த மாதிரிதானே.

ஆனாலும் இரவில் படுத்தால் பெடல்தான் நினைவுக்கு வந்தது. நோயாளியின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே காலால் தரையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். உதவிக்கு இருந்த நர்ஸ், சார் ஏன் தாளம் போடுகிறார் என்று கேட்டே விட்டாள்.

ஒருநாள் காலை, கடைவாய்ப் பல் பிடுங்கத் தபால்காரர் ஒருவர் வந்து சாய்வு நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். டாக்டர் மரத்துப்போகும் ஊசியை எடுத்தார். ஊசி முனையை மேலே தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டினார். உள்ளே இருந்த காற்றுக் குமிழி மேலே ஏறி முனைக்கு வந்தது. லேசாக அமுக்கினார். காற்று போய், ஒரு சொட்டு மருந்து எட்டிப் பார்த்தது.

டாக்டர் ஆடாமல் அசையாமல் நின்றார்.

தினமும் செய்கிற வேலை. படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தானே சொல்லிக்கொடுப்பது. முனையை மேலே பிடிங்கப்பா, கீழே பிடிச்சா மருந்துதான் போகும், காத்து உள்ளேயே இருக்கும். அக்காவின் காலிப்பர்களை மனக்கண்ணில் பார்த்தார். காற்றை விடும் திருகுகள் இரண்டும் அடியில், தரையைப் பார்த்துக்கொண்டு, கண்ணும் கருத்துமாக ஆயிலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தன. ஏன் அடியில்? காலிப்பர்களே தலைகீழாக நிற்கின்றன. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தார். வாய், முதுகு, வலது, இடது. காது மடல் சூடானது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு கையில் ஊசியோடு டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்த தபால்காரர், எழுந்து உட்கார்ந்து, வலி இப்போது பரவாயில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். அவரைச் சமாதானப்படுத்திப் படுக்கவைக்க நர்ஸ் பெரும்பாடு பட்டாள்.

தபால்காரரின் தாடை மரத்துக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் வெளியே வந்து கைபேசியில் மனைவியை அழைத்தார்.

“திருகு மேல இருக்கணும்” என்றார்.

“நான் வகுப்புல இருக்கேன். எது எதுக்கு மேல?”

சொன்னார். மறுமுனையில் சின்னக் காரின் சிக்னல் டிக்டிக் என்று கேட்டது.

“அதாவது, இடதும் வலதும் மாத்திப் போட்டிருக்கீங்க.”

“மாத்தல. வாயில பார்த்தா அது சரி.”

“காருக்கு வாய் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு, அவள் தன் மாணவரிடம் நேராகப் பார்த்து ஓட்டும்படி சொன்னாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்று டாக்டருக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த நிதானமான குரல் நடுங்கிக் கேட்டது அன்றுதான்.

அந்த ஞாயிறு காலிப்பர்கள் பக்கம் மாறின. முறுக்கிக் கிடந்த ஹேண்ட் பிரேக் கம்பி தானாக நேரானது. திருகைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி உள்ளேயிருந்து, கால் போகவில்லை, கல்லாக இருக்கிறது என்றாள். டாக்டர் அடியில் படுத்தபடியே கையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பரம்பரையாக வண்டிகளுக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவர் போல அவருக்குள் ஒரு மிதப்பு வந்துவிட்டது.

அந்த மிதப்பு மைதானம் வரைதான்.

சோதித்துப் பார்க்கும்போது தான்தான் ஓட்டப்போவதாக மேடம் சொல்லிவிட்டாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் மெதுவாகப் போய் நிறுத்தினாள். அக்கா சமர்த்தாக நின்றாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி வெற்றிப் புன்னகையை மறைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் வேகம் எடுத்து, திடீரென்று ஓங்கி மிதித்தாள்.

முன்சக்கரங்கள் நிற்பதற்கு முன்பே பின்சக்கரங்கள் இறுகிவிட்டன. தார் கதறியது. காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொள்ள ஆசைப்பட்டுச் சுற்றிக்கொண்டு வந்தது. மைதானம், மதில், வாசல், வானம் எல்லாம் ஜன்னல் வழியாக வரிசையாகப் போயின. எல்லாம் அடங்கியபோது, வந்த வழியைப் பார்த்தபடி கார் நின்றிருந்தது. ரப்பர் கருகிய வாசனை. டாக்டரின் கண்ணாடி டாக்டரின் மடியில் கிடந்தது.

மேடம் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, நேராகப் பார்த்தபடியே சொன்னாள்.

“நிக்குது. ஆனா திரும்பி நிக்குது.”

பின்பக்கத்துப் பிடி தேவைக்கு மேல் பலமாகிவிட்டது, அதைக் குறைக்க ஏதாவது இருக்கும் என்றாள் அவள். பெட்டியில் வேறெதுவும் வரவில்லையா என்றும் கேட்டாள். டாக்டர் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமானார். பெட்டியில் ஒரு பித்தளை வால்வு மிச்சமிருந்தது. தலையில் ஒரு திருகுப் பிடி. எங்கே போடுவதென்று தெரியாமல், கம்பெனிக்காரன் தவறுதலாக அனுப்பிவிட்டான் என்று அதைக் கிளினிக் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். இதை அவர் சொல்லச் சொல்ல, மேடம் காரைத் திருப்பி வீட்டுக்கு, ஆமை வேகத்தில், ஓட்டிவந்தாள்.

இந்த முறை டாக்டர் குறிப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பூதக்கண்ணாடி வைத்து, சத்தம் போட்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். பின்சக்கரத்துக்குப் போகும் குழாயின் நடுவில் அந்த வால்வு உட்கார்ந்தது. பிடியைத் திருகினால் பின்னால் போகும் அழுத்தம் கூடும், குறையும்.

அடுத்த ஞாயிறு மறுபடி மைதானம். அவள் மிதித்துப் பார்ப்பாள், டாக்டர் இறங்கிப் போய்ப் பிடியைத் துளி திருகிவிட்டு வந்து உட்கார்வார்.

“இப்ப?”

“இன்னும் பின்பக்கம் முந்தப் பாக்குது.”

மறுபடி இறங்கினார், திருகினார், ஏறினார்.

“இப்ப?”

“இப்ப ரொம்பக் குறைஞ்சுட்டுது. பழைய அக்காவாட்டம் இருக்கு.”

திரும்ப இறங்கினார். பல் அடைத்த பிறகு நோயாளியைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்தால் ராவி, மறுபடி கடிக்கச் சொல்லும் அதே வேலை. இதில் மட்டும் டாக்டருக்குப் பொறுமை உண்டு. கடி சரியாக உட்காராமல் யாரையும் அவர் வீட்டுக்கு அனுப்பியதில்லை. வெயில் ஏறியது, சட்டை முதுகில் ஒட்டியது, அவர் சளைக்கவில்லை. மனைவியும் சளைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே வேகத்தில், அதே அழுத்தத்தில் மிதித்தாள். இவள் எத்தனை சுத்தமாக வேலை செய்கிறாள் என்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தபோது டாக்டருக்கு வியப்பாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்டி அவர் உட்கார்ந்து போனதே இல்லை. அவர்தான் நன்றாக ஓட்டுவார் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணம் அவரைத் தவிர வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒருமுறை அவள் ஓங்கி மிதித்தாள். நாலு சக்கரமும் ஒன்றாகக் கடித்தன. மூக்கு லேசாகக் குனிய, கார் நேராக, கோடு போட்டாற்போல நின்றது. 

“கூப்பிடட்டுமா மெக்கானிக்க? ஒரு தடவை எல்லா நட்டையும் அவர் பார்த்துடட்டும்” என்றார் டாக்டர். யாரும் கேட்காமல் அவர் வாயிலிருந்தே வந்தது அது.

மெக்கானிக் வந்து ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தார். ஒரு நட்டு மட்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அதை முறுக்கிவிட்டு, வேலை சுத்தம் என்று சொல்லிக் கிளம்பினார்.

அதன் பிறகு மேடம் கேட்காமல் கொள்ளாமல் காரை மைதானத்து வாசலுக்கு வெளியே விட்டாள். பெரிய சாலை, சந்தை, சரிவு. சரிவின் பாதியில் முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. அவள் மிதித்தாள். கார் நின்றது, அவ்வளவுதான். அவள் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. தங்கை வீட்டுக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர்தான் கதவுப் பிடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“பரவாயில்ல” என்றாள்.

பள்ளியில் சேர்ந்து தேர்ச்சி பெற்றுப் போனவர்கள் யாருக்கும் அவள் வாயிலிருந்து இதற்கு மேல் கிடைத்ததில்லை என்பது டாக்டருக்குத் தெரியும். அவர் மார்பு விரிந்தது. ஏதாவது அடக்கமாகச் சொல்லலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவள் அவரை இறங்கச் சொன்னாள். தங்கையை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வருகிறாளாம். அவர் மேல் கியர் ஆயில் வாடை வீசுகிறது, தங்கைக்கு ஒத்துக்கொள்ளாது.

டாக்டர் இறங்கினார். தெருமுனையில் வண்டி அழகாக வேகம் குறைந்து, திரும்பி, மறைந்தது. மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. வண்டி போகிறதே, நீங்கள் போகவில்லையா என்றார். டாக்டர் தனக்குக் கிளினிக்கில் வேலை இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்பது இருவருக்கும் தெரியும்.

உள்ளே போய்க் கையைக் கழுவினார். சோப்பு, பிரஷ், பல் தேய்க்கும் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்தார். நகத்தடியில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. நாளைக்கு முதல் ஆளாக வருவது தபால்காரர், தையல் பிரிக்க. உறை போட்டுக்கொண்டால் தெரியாது என்று தேற்றிக்கொண்டு, டாக்டர் துண்டைத் தேடினார்.